விரலளவுச் சேனையும் வரலாற்று உண்மையும்

பழம்போர்களை மேசைமீது பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடிப் பார்க்கும் பொழுதுபோக்கு உலகின் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. அச்சிப்பாய்களுட் பல ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரமே உடையவை. அடிப்பூச்சு இட்டு, உடுப்பின் நிறந்தீட்டி, மடிப்புகளில் நீர்த்த கருவண்ணம் படியவிட்டு, மேடுகளை வெளிர்நிறத்தால் துலக்கி ஓர் உருவை முடிக்கச் சிலர் பல மணிநேரம் உழைக்கின்றனர். எப்படைப்பிரிவின் கழுத்துப்பட்டி எந்நிறம் என்றறிய நூல்களைத் துருவுவோரும் உளர். இவ்வுழைப்பை நாம் எள்ளவில்லை. ஆயின் இக்கலை தன்னை ‘வரலாற்று’க் கலை என்கிறது, அவ்வுரிமையை ஆராய்தல் நம் கடன்.

1780 செப்டெம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை கும்பினிப் படையை முறியடித்தது. அப்போரை மேசையில் விரிப்பவர் செஞ்சட்டைச் சிப்பாயின் பொத்தானையும் மறவார். மைசூரின் வாணங்களையும் மறவார். அப்படையெடுப்பில் கருநாடகத்தின் ஊர்கள் எரிந்தன. அதன் பின்னே பஞ்சம் வந்தது. எரிந்த ஊருக்கும் பட்டினி கிடந்த உழவனுக்கும் அம்மேசையில் இடமெங்கே?

இலக்கியத்தில் இயற்பண்புவாதத்தையும் யதார்த்தவாதத்தையும் வேறுபடுத்திப் பேசுகிறோம். கண்ணுக்குப்பட்ட விவரங்களைக் குவிப்பது முன்னையது. அவ்விவரங்களை இயக்கும் சமுதாய உறவுகளைக் காட்டுவது பின்னையது. சிப்பாய்க்கு வண்ணந்தீட்டும் கலை முன்னையதன் எல்லையிலேயே நின்றுவிடுகிறது.

இதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே உண்டு. 1824இல் பிரஷ்யத் தளபதிகளிடம் ரைஸ்விட்ஸ் அளித்த போர்விளையாட்டு அதிகாரிகளைப் பயிற்றும் கருவி. 1893 முதல் இலண்டனில் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை மலிவாக வார்த்தது. அவற்றுக்கு வண்ணந்தீட்டியோர் பெரும்பாலும் பெண் தொழிலாளர். பேரரசின் சேனைகள் சிறுவரின் அறைக்குள் அணிவகுத்தன. தீட்டிய கைகளை எவரும் நினைத்திலர்.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘சிறு போர்கள்’ என்னும் நூலில் இவ்விளையாட்டுக்கு விதி வகுத்தார். பொம்மைப் போரை ஆடியவன் மெய்ப்போரின் மடமையை உணர்வான் என அவர் நம்பினார். நல்ல நம்பிக்கைதான். ஆனால் 1914இல் மெய்ப்போர் மூண்டதும் அதனைப் போரொழிக்கும் போரென்று வரவேற்றவரும் அவரே. மேசை கற்பித்த பாடம் நெடுநாள் நிற்கவில்லை.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட பெரியகல்லாற்றிலிருந்து நோக்கும் நமக்கு இது வெறும் ஏட்டு விவாதமன்று. கிழக்கில் 2007 வரையும் நாட்டில் 2009 வரையும் நீடித்த போரை இம்மக்கள் வாழ்ந்து கடந்தவர்கள். இவ்வட்டாரத்தின் வடமோடிக் கூத்தும் போரையே பாடுகிறது. குருட்சேத்திரத்தில் எவனும் கரப்புடுப்பு அணிந்திரான். உடுப்பைப் பொறுத்தவரை கூத்தில் வரலாறு இல்லை. எனினும் மகனை இழந்தவரின் புலம்பலுக்குக் களரியில் இடமுண்டு. விடியுமட்டும் விழித்திருந்து பார்க்கும் உழவனும் மீனவனும் அதிலே போரின் விலையை அறிகின்றனர். உடுப்பிற் பிழைத்த கலை உண்மையிற் பிழைக்கவில்லை.

தூரிகையைக் கீழே வைக்குமாறு நாம் எவரையும் கேட்கவில்லை. நிறத்தைத் தேடும் அதே நேர்மை இன்னும் சற்றுத் தொலைவு செல்லட்டும். எரிந்த குடிசையும், ஊரைவிட்டோடும் மாட்டுவண்டியும், தானியம் பறிகொடுத்த தாயும் 28 மில்லிமீட்டரில் வார்க்கப்பட்டு, அதே பொறுமையோடு தீட்டப்பட்டு, சேனைகளின் நடுவே நிற்கட்டும். அன்றே இக்கலையை வரலாற்றுக் கலை என்போம்.