ஒலிபரப்புக் கலையும் நம் மாணவரும்

பத்திரிகைத் துறையிலோ வானொலியிலோ சேர விரும்பும் மாணவர் ஆண்டுதோறும் சிலர் நம்மிடம் வருவர். வானொலியை நாடுவோர் நல்ல குரலொன்றே போதும் என நினைக்கின்றனர். அவர்கட்கு நான் முதலிற் காட்டும் நூல் சோ. சிவபாதசுந்தரம் 1954இல் வெளியிட்ட 'ஒலிபரப்புக் கலை'.

அவர் குரலை மட்டும் நம்பி இத்துறை புகுந்தவரல்லர். 'ஈழகேசரி'யின் ஆசிரியராயிருந்து எழுத்திற் பயின்றவர். பின்னரே இலங்கை வானொலியிலும் இலண்டன் பி.பி.சி.யிலும் பணிபுரிந்தார். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்டவரும் அவரே. 2017இல் அவ்வானொலிச் சேவை நிறுத்தப்படும்வரை அப்பெயர் நிலைத்தது.

பத்திரிகை வாசகன் விளங்காத வரியை மீட்டும் படிக்கலாம். வானொலி கேட்பவனுக்கு அவ்வசதியில்லை. எச்சத்தின்மேல் எச்சம் அடுக்கி, எழுவாயைத் தொடக்கத்தில் விட்டுப் பயனிலையைப் பத்து வரிக்கப்பால் வைக்கும் நமது பரீட்சைக் கட்டுரை ஒலிவாங்கியின் முன் வாசிக்கப்படின், கரடியனாற்று வயல்வாடியிற் காவலிருக்கும் உழவனின் காதில் என்னவாய்ச் சேரும்? (இவ்வாக்கியமே அதற்குச் சான்று என மாணவர் நகைப்பாராயின், நியாயமே.) ஆகவே செவிக்கென எழுதப் பழகுதலே இத்தொழிலின் முதற்பாடம். இன்றைய பண்பலை வானொலிகள் சிலவற்றில் வாயில் வந்ததைப் பேசுதலே எளிமை எனக் கொள்ளப்படுகின்றது. அஃது எளிமையன்று; ஆயத்தமின்மை.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. செவிக்கு எளிய தமிழ் எனின், அஃது எவருடைய செவி? என் மாணவன் ஒருவன் குரற்றேர்வொன்றிற்குச் சென்று, 'பின்னர்' என்னும் பொருளில் நம்மவர் வழங்கும் 'மறுகா' என்ற சொல்லை வாய்தவறிக் கூறிவிட்டு, நகைப்புக்கு ஆளாகித் திரும்பினான். நகைத்தவர் தம் ஊர்ச் சொற்களைப் பொதுத்தமிழ் என்றே எண்ணியிருத்தல் கூடும். செய்தியறிக்கைக்குப் பொதுவழக்கு வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நாடகத்திலும் உரைச்சித்திரத்திலும் மட்டக்களப்பு உழவன் மட்டக்களப்பு உழவனாகவே பேசவேண்டாமா? சிவபாதசுந்தரத்தின் நூலை இன்று படிப்போர் இவ்வினாவையும் உடன்வைத்தே படித்தல் வேண்டும்.

அம்மாணவனிடம், "செய்தியிற் 'பின்னர்' என்று வாசி, நாடகம் எழுதும்போது 'மறுகா'வை விட்டுவிடாதே" என்றேன். சென்ற மாதம் அவன் ஒரு வானொலி நாடகத்தின் கைப்பிரதியைக் கொணர்ந்தான். அதில் மூன்றாங் காட்சி சற்று நீளம்; சுருக்கி எழுதச் சொல்லியிருக்கின்றேன்.