ஐந்து பேரும் ஒத்துக்கொண்ட பிறகு

1941-இல் 'தி கார்டியன்' என்ற ஆங்கிலிக்கன் சபை வார இதழில் சி. எஸ். லூயிஸின் 'ஸ்க்ரூடேப் கடிதங்கள்' தொடராக வந்தன. மனிதனைக் கெடுக்கும் கலையை மூத்த பிசாசு ஒன்று இளைய பிசாசுக்குக் கற்றுத்தரும் அங்கதம் அது. கிராமத்துப் போதகர் ஒருவர் சந்தாவையே நிறுத்திவிட்டார். கடிதங்களில் உள்ள ஆலோசனைகள் தவறானவை மட்டுமல்ல, பிசாசுத்தனமானவையும்கூட என்பது அவர் புகார். லூயிஸே பின்னாளில் ஒரு முன்னுரையில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். எல்லோரும் சிரிக்கும் அந்தப் போதகர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. புரிந்துகொண்டது தப்பு, ஆனால் வாசித்துவிட்டுத்தான் கோபப்பட்டார்.

நான் போய்வரும் வாசிப்பு வட்டத்தில் லூயிஸ்மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை. "ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு" என்று ஒருவர் தொடங்குவார், அடுத்தவர் தன் சாட்சியைச் சொல்வார், ஜெபத்தோடு கலைவோம். இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. மனைவி ஜாய் டேவிட்மன் 1960-இல் இறந்தபின் லூயிஸ் புனைபெயரில் வெளியிட்ட துக்கக் குறிப்புகளை வாசித்த மாதம், கணவரை இழந்த ஒரு அக்கா, கடவுள்மேல் தனக்கு இருந்த ஆத்திரத்தை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். புத்தகம் முந்திக்கொண்டு சொல்லியிருக்காவிட்டால் சபையார் நடுவில் அந்தப் பேச்சு எழுந்திருக்காது. ஒரே நம்பிக்கை உள்ளவர்கள் கூடி வாசிப்பதன் பலம் இதுதான்.

வாதம் செய்யும் புத்தகம் வரும்போதுதான் சிக்கல். 'மியர் கிறிஸ்டியானிட்டி' போர்க்காலத்தில் லூயிஸ் பிபிசி வானொலியில் ஆற்றிய உரைகளிலிருந்து உருவாகி, 1952-இல் ஒரே நூலானது. அதன் இரண்டாம் பகுதியின் கையெழுத்துப் படியை அவர் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், கத்தோலிக்கர் என நான்கு குருமார்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். விசுவாசத்தைப் பற்றிப் போதுமான அளவு சொல்லவில்லை என்றார் மெதடிஸ்ட். பாவநிவாரணக் கோட்பாடுகளின் முக்கியத்துவத்தை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டதாகக் கத்தோலிக்கர் நினைத்தார். மற்றபடி லூயிஸோடு சேர்த்து ஐந்து பேரும் ஒத்துப்போனார்கள் என்கிறது முன்னுரை.

அந்த இரண்டாம் பகுதியில்தான் லூயிஸின் மிகப் பிரபலமான வாதம் இருக்கிறது: தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்ட இயேசு பைத்தியமாக இருக்கவேண்டும், அல்லது அதைவிடக் கொடியவராக இருக்கவேண்டும், இல்லையென்றால் கடவுள். அவர் அப்படிச் சொன்னாரா, பின்வந்தோர் அவர் வாயில் வைத்தார்களா என்று கேட்பவருக்கு அந்த இடத்தில் பதில் இல்லை. முன்னுரையில் பதிவான இரண்டு குறைகளும் உபதேசத்தைப் பற்றியவை. இந்த ஓட்டையைத் தொடவில்லை. முடிவு நமக்குப் பிடித்துவிட்டால் வழியைச் சோதிக்க மனம் வருவதில்லை. எங்கள் வட்டத்திலும் அதுதான் நடந்தது, நானும் தலையாட்டினேன்.

இதற்கு மருந்து நாத்திகரைக் கூப்பிடுவதுதான் என்று தோன்றும். ஆனால் லூயிஸின் இன்னொரு வாதத்தை உலுக்கிய தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கோம் ஒரு கத்தோலிக்கர். ஆக்ஸ்ஃபோர்டின் சாக்ரடிக் கிளப்பில், லூயிஸே தலைவராக இருந்த அவையில், 1948 பிப்ரவரியில் ஆன்ஸ்கோம் லூயிஸின் 'மிராக்கிள்ஸ்' நூலின் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டார். எண்ணங்கள் எல்லாமே அறிவற்ற காரணங்களால் பிறப்பவை என்றால் எந்த எண்ணத்தையும் நம்பமுடியாது. ஆகவே இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லை என்னும் இயற்கைவாதம் தன்னைத்தானே மறுக்கிறது என்பது லூயிஸின் வாதம். ஓர் எண்ணம் எதனால் வந்தது என்பது வேறு, அது சரியா என்பது வேறு என்றார் ஆன்ஸ்கோம். பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்த பையன் சொன்னாலும் ஏழெட்டு ஐம்பத்தாறுதானே! லூயிஸ் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். 1960-இல் வந்த பதிப்பில் அதன் தலைப்பே மாறியிருந்தது.

அதன்பிறகு ஊர்ப்பேச்சு வேறு திசையில் போனது. தோற்ற லூயிஸ் வாதத்தைக் கைவிட்டுக் குழந்தைக் கதைக்கு ஓடினார் என்று ஒரு கதை கிளம்பியது. அவர் நொறுங்கிப்போனார் என்று நண்பர்களும் சொன்னார்கள். ஆன்ஸ்கோமின் நினைவிலோ அது நிதானமான விவாதம். திருத்தி எழுதியதை லூயிஸின் நேர்மைக்குச் சான்றாகவே அவர் பார்த்தார். வாதத்தில் தொடங்கும் பேச்சு ஆளைப் பற்றியதாக மாறிவிடும் இந்தக் குணம் ஆதரவாளர், எதிர்ப்பாளர் இருவருக்கும் பொது.

ஆனால் வாசகரின் அபிப்பிராயத்துக்கும் ஓர் எல்லை உண்டு. லூயிஸின் நார்னியா குழந்தைக் கதைகள் அவருடைய நெருங்கிய நண்பர் டோல்கீனுக்கே பிடிக்கவில்லை. வெவ்வேறு புராணங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து ஒரே காட்டில் விட்டது அவருக்கு உறுத்தியது. காரணமுள்ள கருத்துத்தான். அதற்குக் கட்டுப்பட்டிருந்தால் ஏழு நூல்கள் வந்திருக்காது. கதையில் வாசகரின் ருசி தீர்ப்பாகிவிடக் கூடாது. ஆனால் வாதத்தில் ஓட்டை இருந்தால் அது ருசியைப் பொறுத்ததல்ல.

இன்று கடையில் கிடைக்கும் 'மிராக்கிள்ஸ்' 1960-இன் வடிவம்தான். தையல் தெரியாத சட்டைபோல இருக்கும். பழைய மூன்றாம் அத்தியாயத்தையும் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கலாமே என்று எங்கள் வட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். "திருத்தினதே கையில இருக்கே பிரதர், தப்பா எழுதினதை எதுக்கு வாசிக்கணும்?" என்றார் ஒரு பெரியவர்.