காயைத் தொடாத பாடம்

விளையாட்டு வீரர் பயிற்சியாளராவது நம் ஊரில் பெரும்பாலும் ஓய்வுக்குப் பிந்தைய ஏற்பாடு. முட்டி தேய்ந்த பிறகுதான் விசில் கைக்கு வரும். செஸ்ஸில் ஆர்.பி. ரமேஷ் அப்படிக் காத்திருக்கவில்லை. 2002-ல் பிரிட்டிஷ் சாம்பியன் (அப்போது காமன்வெல்த் நாட்டவரும் அதில் ஆடலாம்), 2007-ல் காமன்வெல்த் சாம்பியன். அடுத்த ஆண்டே, 32 வயதில், ஆடுவதை விட்டுவிட்டு, மனைவி ஆர்த்தி ராமசாமியோடு சென்னையில் ‘செஸ் குருகுல்’ தொடங்கினார். பிற்பாடு இந்தியன் ஆயில் வேலையையும் விட்டார். அவருடைய முதல் தகுதியே ஆடுவதை விட்டதுதான் என்பேன். இன்னும் போட்டிகளில் ஆடுகிறவர், தான் கண்டுபிடித்த புதிய ஓபனிங்கை மாணவனுக்குக் காட்டக் கொஞ்சம் தயங்குவார். ரமேஷுக்கு ஒளித்துவைக்க ஒன்றுமில்லை.

அவர் முறையின் மையம், காயைத் தொடாமல் கணிப்பது. பலகையில் கடினமான நிலை ஒன்று வைக்கப்படும். கை நீளக் கூடாது. நான் இங்கே ஆடினால் அவன் என்ன ஆடுவான், அவனிடம் வேறு பதில் உண்டா என்று கிளை கிளையாக மனத்துக்குள்ளேயே போக வேண்டும். விடை கிடைத்ததும் நிறுத்துகிற பையனுக்குத்தான் சிக்கல்: எதிராளியின் மிக வலுவான பதிலைப் பார்த்தாயா என்ற கேள்வி வரும். 2022-ல் வந்த அவருடைய கணிப்புப் பயிற்சி நூலும் இந்தப் பிடிவாதத்தின் மேல்தான் நிற்கிறது. அவருடைய மாணவர் பிரக்ஞானந்தா 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனதிலும், 2023 உலகக் கோப்பையில் இறுதிவரை போனதிலும் இந்தப் பழக்கத்துக்குப் பங்குண்டு.

மதுரைக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான சாட்சி திருநகர் அரவிந்த் சிதம்பரம். மூன்று வயதில் தந்தையை இழந்தவர். தாய் எல்.ஐ.சி. முகவர். ரமேஷிடம் பயின்ற அரவிந்த், 2013-ல், 14 வயதில், எந்தப் பட்டமும் இல்லாமல் சென்னை கிராண்ட்மாஸ்டர் ஓபனை 11-க்கு 9 புள்ளி எடுத்து வென்றார். 2018, 2019 இரண்டிலும் தேசிய சாம்பியன். ஆனால் உலகம் திரும்பிப் பார்க்க 2024 சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் வரை, 2025 பிராக் மாஸ்டர்ஸ் வரை ஆனது. ஒரே பள்ளிதான், ஒருவர் பழுக்க அதிக காலம் பிடித்தது. பயிற்சியாளரின் பெருமையைச் சாதனை வயதை வைத்து அளக்கும் நம் செய்தித்தாள்களுக்கு இது பிடிபடுவதில்லை.

குறையும் அந்த ஆழத்திலேயே இருக்கிறது. ஆட்டத்துக்கு 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி என்று தரும் ஓபன் போட்டியில், ஒரே நிலைக்கு 25 நிமிடம் கொடுத்தவன் கடைசி நகர்வுகளைக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டித்தான் ஆட வேண்டும். பிரக்ஞானந்தாவின் ஆட்டங்களில் இந்த நேர நெருக்கடியைப் பலமுறை பார்த்துவிட்டோம். தவிர, நாள் முழுக்க இதில் மூழ்கத் தயாரானவனுக்கு ஏற்ற முறை இது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நடுவே ஞாயிறு மட்டும் பலகை விரிக்கிறவனை இது சோர்வடையச் செய்துவிடும். ஒரே வழி இதுதான் என்றும் சொல்லிவிட முடியாது. கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை குகேஷை கம்ப்யூட்டர் இன்ஜின் பக்கமே விடாமல் வளர்த்த விஷ்ணு பிரசன்னா வேறொரு பாதையில் போனார். 2024-ல் உலகப் பட்டம் அந்தப் பாதையில் வந்தது.

என் பெரிய மனத்தாங்கல் ரமேஷின் மேல் அல்ல. அவர் பயிற்சியளித்த இந்திய ‘பி’ அணி 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் வெண்கலம் வென்றது. 2023-க்கான துரோணாச்சாரியார் விருதும் அவருக்கு வந்தது. இரண்டும் தகும். ஆனால் பயிற்சிக்காக அரவிந்த் மதுரையை விட்டுச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ அதே திறமையோடு இருக்கும் பையனின் தாய்க்குச் சென்னையில் வாடகை கொடுக்க முடியாமல் போனால், அவன் எந்தப் பட்டியலிலும் வரமாட்டான். ஆன்லைன் வகுப்பு பாதித் தூரத்தைக் குறைக்கிறது. மீதிப் பாதிக்கு மதுரையிலேயே, ஆடுவதை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்க முன்வரும் ஒரு வலுவான ஆட்டக்காரர் வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் தருவது யார் என்ற பேச்சை இன்னும் யாரும் தொடங்கவில்லை.