ஒற்றைக் கைக் கரடி: ஒரு கணினி விளையாட்டில் நகை

கணினி விளையாட்டினைத் தமிழாராய்ச்சியாளர் எடுத்துப் பேசுதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். மெய்ப்பாடு தோன்றும் இடமெல்லாம் மெய்ப்பாட்டியல் கற்றார்க்கு உரிய இடமே என்பது எம் துணிபு. ஆதலின், ஜஸ்டின் ஸ்மித் என்பார் 2009-ஆம் ஆண்டில் தனியொருவராக இயற்றிய ‘என்விரோ-பேர் 2000’ என்னும் காரோட்டும் விளையாட்டு ஈண்டு ஆராயப்படுகின்றது.

விளையாட்டு இயற்றுவோர் கூடும் டிக்சோர்ஸ் என்னும் களம், ‘காக்பிட்’ என்பதனைப் பொருளாக வைத்து நடத்திய போட்டிக்கென எழுந்தது இது. பொருளையும் காலத்தையும் பிறர் வரையறுக்க, அவ்வெல்லைக்குள் ஒன்றை இயற்றும் இம்முறையினைக் ‘கேம் ஜாம்’ என வழங்குவர். ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்ன அவைகளை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

கதை மிக எளிது. கரடி ஒன்று காரோட்டுகின்றது. பனிக்காலம் வருமுன் மீனும் கனியும் வேண்டுமளவு உண்டு, குகையை அடைந்து துயில்கொள்ளல் வேண்டும். குளத்துள் காரைச் செலுத்தின் மீன் உள்ளே வந்து விழும். மரத்தில் மோதின் இலையும் காயும் விழும். எதிரே காரோட்டி வருவனவும் கரடிகளே! ஓவியமோ சிறுவன் கிறுக்கியது போல்வது.

இனி, இவ்வாக்கத்தின் உயிர்நிலை யாது? கரடிக்கு இயங்குவது ஒரு கையே. ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிரேக்கை அழுத்தமாட்டாது. பிரேக்கை நாடின் ஸ்டியரிங்கை விடல் வேண்டும். மீனை எடுத்து வாயில் இடுங்கால் கார் தன்போக்கில் ஓடும். விழுந்த குப்பைகளோ மிதிகளின்மேல் கிடந்து தடுக்கும்.

நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கன்கண் பிறக்கும் என்பர் தொல்காப்பியர். கரடியின் செயலைப் பேதைமை எனக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. செய்யத்தக்கது இன்னதென ஆடுவோன் நன்கு அறிவான், கைதான் போதவில்லை. மடனுக்குக் கொண்டதை விடாமை என உரைகாரர் விரிக்கும் பொருளே ஈண்டு நெருங்கி வருகின்றது. பற்றிய ஸ்டியரிங்கை விட மனமின்றி மரத்தில் மோதுவோன் கரடியல்லன், ஆடுவோனே. எனவே இது பிறன்கண் தோன்றிய நகையாகத் தொடங்கித் தன்கண் தோன்றிய நகையாக முடிகின்றது. ஏட்டில் படித்து நகுவோனுக்கு இம்மாற்றம் எளிதில் வாய்ப்பதன்று. தன் கையே தவறு செய்தலால் ஆடுவோனுக்கு வாய்க்கின்றது. விரைவில் செய்த வேடிக்கை எனக் கூறி இதனை ஒதுக்குவார் இதனை நோக்கிற்றிலர். ஓவியத்தின் செப்பமின்மையும் குறையன்று. செவ்விய ஓவியம் இக்கையின் தடுமாற்றத்தை மறைத்திருக்கும்.

குறை பிறிதோரிடத்து உளது. மேலிருந்து விழுவன பலவும் தற்செயலாக விழுதலின், தன் பிழையின்றியே ஆடுவோன் தோற்கும் இடங்களும் உண்டு. ஆண்டு நகை தன்னை விட்டு நீங்க, சலிப்பே எஞ்சுகின்றது. இவர் 2014-இல் வெளியிட்ட ‘டெசர்ட் கோல்ஃபிங்’ இக்குறையினின்றும் நீங்கியது. அங்கும் செயல் ஒன்றே. பந்தை அடித்தல் மட்டுமே. தொடக்கத்திற்கு மீண்டு ஆடவும் வழியில்லை. பந்து எங்கு வீழினும் அடித்தவன் அவனே.