சைக்கிளிலேயே தோற்றுப்போகும் மாரத்தான்

2025 அக்டோபர் 11. ஹவாயின் கோனாவில் பெண்களுக்கான அயர்ன்மேன் உலகச் சாம்பியன் போட்டி. 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அது போதாதென்று 42.2 கிலோமீட்டர் மாரத்தான். அன்று பந்தயத்தின் பெரும்பகுதியைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் 2023இல் இங்கேயே பட்டம் வென்ற இங்கிலாந்தின் லூசி சார்ல்ஸ்-பார்க்லே. இன்னொருவர் பாதித் தூரப் போட்டியில் மூன்று முறை உலகச் சாம்பியனான அமெரிக்காவின் டெய்லர் நிப். மாரத்தானில் பாதி தாண்டிய பிறகு லூசி வெயிலில் தளர்ந்து விலகினார். முன்னிலை நிப் கைக்கு வந்தது. முடிவுக்கோட்டுக்கு இன்னும் சில கிலோமீட்டர்தான் என்ற நிலையில் அவரும் தள்ளாடி, சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்துகொண்டிருந்த நார்வேயின் சோல்வெய்க் லோவ்செத் 8 மணி 28 நிமிடத்தில் கோட்டைத் தாண்டினார். கோனாவில் அவருக்கு அதுதான் முதல் பந்தயம். இரண்டாவதாக வந்த இங்கிலாந்தின் கேட் மேத்யூஸ் அவருக்கு 35 விநாடி மட்டுமே பின்தங்கியிருந்தார்.

வெயில் இருவரைக் கவிழ்த்தது, மூன்றாமவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் லோவ்செத் ஓடியதும் அதே வெயிலில்தான்.

நெடுந்தூர டிரையத்லானுக்கான பயிற்சி முழுவதும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: மாரத்தானின் முப்பதாவது கிலோமீட்டரில் உடம்பில் என்ன மிச்சம் இருக்கும்? அதற்கு முந்தைய நான்கைந்து மணி நேரம் சைக்கிளை எப்படி மிதித்தார், என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார் என்பதுதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓவாஹூ தீவில் நடந்த முதல் அயர்ன்மேனிலேயே இது தெரிந்துவிட்டது. கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும், தீவில் ஏற்கெனவே இருந்த மூன்று தனித்தனிப் பந்தயங்களின் தூரங்களை ஒன்றாகக் கோத்து உருவாக்கிய போட்டி அது. 15 பேர் புறப்பட்டார்கள், 12 பேர் முடித்தார்கள். சைக்கிளை விட்டு முதலில் ஓடத் தொடங்கியவர் ஜான் டன்பார். வழியில் அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கையில் இருந்த பீரைக் கொடுத்தார்கள். கார்டன் ஹாலர் அவரை முந்தி 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் வென்றார். போட்டிக்கு வயது ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பானத்தால் ஒரு பந்தயம் கைமாறியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். முழுத் தூரத்தை முடிக்க 8,000 முதல் 10,000 கலோரி வரை செலவாகலாம். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிதான். கொழுப்போ ஒல்லியான ஆளிடம்கூடப் பல்லாயிரம் கலோரிக்கு இருக்கும். கிளைகோஜன் சட்டைப்பையில் உள்ள சில்லறை என்றால் கொழுப்பு வங்கியில் போட்ட வைப்புத்தொகை: நிறைய உண்டு, அவசரத்துக்கு எடுக்க முடியாது. வேகம் கூடக் கூட உடம்பு சில்லறையைத்தான் துழாவும். ஆகவே பயிற்சியின் முதல் வேலை, ஓரளவு நல்ல வேகத்தில் போகும்போதும் கொழுப்பிலிருந்து எடுக்க உடம்பைப் பழக்குவது. அதற்கு வழி, மாதக்கணக்கில் மெதுவாக ஓடுவது, மெதுவாக மிதிப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. வீரர்களுக்கு இதைவிடக் கசப்பான மருந்து இல்லை.

மார்க் ஆலன் அதைக் குடித்தவர். 1980களில் அமெரிக்காவின் மிகச் சிறந்த டிரையத்லான் வீரர்களில் ஒருவர். ஆனால் கோனா மட்டும் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை. 1982இல் சைக்கிள் பழுது. 1984இல் பெரிய முன்னிலையோடு சைக்கிளை விட்டு இறங்கியவர், மாரத்தானில் நடக்கத் தொடங்கி ஐந்தாவதாக வந்தார். 1987இல் உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டு, பந்தயம் முடிந்து மருத்துவமனைக்குப் போனார். ஆறு முறை வந்து ஆறு முறையும் பட்டம் இல்லை.

அவர் கடைப்பிடித்தது பயிற்சியாளர் ஃபில் மாஃபெடோன் சொன்ன முறை. 180இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். அடித்தளப் பயிற்சிக் காலத்தில் இதயத் துடிப்பு அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. ஆலனுக்கு வந்த எண் 155. ஒரு கிலோமீட்டரை மூன்றரை நிமிடத்துக்குள் ஓடிப் பழகிய கால்கள் அவருடையவை. 155க்குள் அடங்க வேண்டும் என்றதும், ஐந்து நிமிடத்துக்கும் மேலே போக வேண்டிவந்தது. கூட ஓடுகிறவர்கள் முன்னால் போய் மறைவதைப் பார்த்துக்கொண்டே ஓடுவது ஒரு சாம்பியனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஏறத்தாழ ஓராண்டு பொறுத்தார். அதே 155 துடிப்பில் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 20 விநாடி என்ற வேகம் வந்தது.

அதன் பலன் கோனாவில் கிடைக்க 1989 வரை ஆனது. அந்த ஆண்டு, அதுவரை ஆறு முறை பட்டம் வென்றிருந்த டேவ் ஸ்காட்டின் பக்கத்தைவிட்டு அவர் விலகவே இல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று எட்டு மணி நேரம் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் போனார்கள். முடிவுக்கு மூன்று கிலோமீட்டர் அளவில் இருந்தபோது, கடைசி ஏற்றத்தில்தான் ஆலன் பிரிந்து போனார். ஆலனுக்கு 8:09:15, ஸ்காட்டுக்கு 8:10:13. ஆலன் அன்று ஓடிய 2:40:04 மாரத்தானை 2016 வரை கோனாவில் யாரும் முறியடிக்கவில்லை. பிறகு அவரும் மொத்தம் ஆறு பட்டங்கள் வாங்கினார். கடைசியானது 1995இல், 37 வயதில்: சைக்கிள் முடிவில் ஜெர்மனியின் தாமஸ் ஹெல்ரீகல் 13 நிமிடத்துக்கும் மேல் முன்னால் இருந்தார், ஆலன் அதை மாரத்தானில் எடுத்துவிட்டார். 1984இல் சைக்கிளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நடந்த அதே மனிதர்தான்.

180 கழித்தல் வயது என்பது குத்துமதிப்பு. ஒரே வயதுக்காரர்கள் இருவரின் இதயம் ஒரே மாதிரி துடிப்பதில்லை. நார்வேக்காரர்கள் அதனால்தான் குத்துமதிப்பையே விட்டுவிட்டார்கள். கிறிஸ்டியன் ப்ளூமன்ஃபெல்ட், குஸ்டாவ் ஈடன் இருவரையும் தயார்செய்த ஓலாவ் அலெக்ஸாண்டர் பூவின் முறையில், பயிற்சிக்கு நடுவே நிறுத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, தசை கடுமையாக உழைக்கும்போது ஏறும் லாக்டேட்டின் அளவைப் பார்ப்பார்கள். அளவு ஏறினால் அந்த இடத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். வீரருக்குத் தெம்பு இருந்தாலும் சரி. ப்ளூமன்ஃபெல்ட் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஈடன் 2022இல் கோனாவில் கால் வைத்த முதல் முறையே 7:40:24இல் வென்றார். 2025 செப்டம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த ஆண்கள் உலகச் சாம்பியன் போட்டியில் காஸ்பர் ஸ்டோர்னெஸ், ஈடன், ப்ளூமன்ஃபெல்ட் என்று முதல் மூன்று இடமும் நார்வேக்கே. ரத்தச்சொட்டும் கருவியும் புதிது. ஓடத் துடிக்கும் வீரரின் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பது என்ற வேலை மட்டும் ஆலன் காலத்தியதே.

சைக்கிளிலும் இதே கடிவாளம்தான். பவர் மீட்டர் வந்த பிறகு, மிதியில் எத்தனை வாட் இறங்குகிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது. ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச அளவில் சுமார் 65 முதல் 75 விழுக்காடு வரைதான் முழுத் தூரத்தில் அமெச்சூர்களுக்குப் பயிற்சியாளர்கள் அனுமதிக்கிறார்கள். முதல் 60 கிலோமீட்டரில் அது விளையாட்டுபோல இருக்கும். அங்கேதான் பெரும்பாலோர் கெடுகிறார்கள். ஏற்றம் வரும், பக்கத்தில் ஒருவர் முந்துவார், வாட் எகிறும். அதற்கான தண்டனை நான்கு மணி நேரம் கழித்து, ஓடும்போது வரும். சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓடிப் பார்க்கும் 'பிரிக்' பயிற்சியின் பயனே இதுதான். மரத்துப்போன தொடை பழக்கப்படுவது ஒருபுறம் இருக்க, அன்றைக்குச் சைக்கிளில் நிதானமாக இருந்தாரா இல்லையா என்பதை அரை மணி ஓட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

நீச்சலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே அது எடுக்கிறது. பதறாமல், கடலில் திசை தவறாமல் நீந்தத் தெரிந்தால் போதும். குளத்திலோ நீச்சல்குளத்திலோ மட்டும் பழகியவர்கள் கடலலைக்குத் தனியாகப் பழக வேண்டும்.

வயிற்றுக்கு வருவோம். குடல் குளுக்கோஸை மட்டும் மணிக்குச் சுமார் 60 கிராம் வரை உறிஞ்சும். அதற்குமேல் கொடுத்தால் வாசலிலேயே தேங்கும். ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்து கொடுத்தால் மணிக்கு 90 கிராம் வரை எடுத்துக்கொள்ள முடிகிறது. முன்னணி வீரர்கள் சிலர் இப்போது 120 கிராம் வரை போகிறார்கள். 90 கிராம் என்றால் ஏறத்தாழ இருபது தேக்கரண்டி சர்க்கரை. ஆறு மணி நேரச் சைக்கிள் சவாரிக்கு அரைக் கிலோவுக்கும் மேல்! அதுவும் குனிந்து, வெயிலில் மிதித்துக்கொண்டே. உழைக்கும் தசைக்கும் சூடேறிய தோலுக்கும் ரத்தம் ஓடிவிட, குடலுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். பழகாத வயிறு உப்பும், குமட்டும், எடுத்துக்கொண்டதையெல்லாம் வெளியே தள்ளும்.

குடலையும் பழக்க முடியும் என்பதுதான் நல்ல செய்தி. நீண்ட சவாரி நாட்களில் மணிக்கு 40, 50 கிராமில் தொடங்கி, வாரம் வாரம் கூட்டிக்கொண்டே போகிறார்கள். சைக்கிள் சட்டத்தின்மேல் சின்னப் பெட்டி, அதில் வாயைக் கிழித்துத் தயாராக வைத்த சர்க்கரை ஜெல். கைப்பிடிகளுக்கு நடுவே குழல் நீட்டிய பாட்டில். கால் மணிக்கு ஒரு முறை ஒலிக்கும் கைக்கடிகாரம். ஒலித்தால் பசி இருக்கிறதோ இல்லையோ ஒரு வாய் உள்ளே போக வேண்டும். பந்தயத்தன்று புதிதாக எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டில் எழுதப்படாத சட்டம். போட்டிக்கு முந்தைய கண்காட்சிக் கூடத்தில் இலவசமாகக் கிடைத்த ஜெல்லால் கவிழ்ந்தவர்கள் எல்லாப் போட்டியிலும் உண்டு.

கோனாவின் எரிமலைப் பாறை வெளியில் நிழல் கிடையாது. வயிற்றைப் போலவே அந்த வெயிலுக்கும் பழக உடம்புக்குப் பத்து முதல் பதினான்கு நாள் தேவை. அதற்குள் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும். குளிர் நாட்டு வீரர்கள் இதற்காகவே அறையைச் சூடேற்றி, நிலையான சைக்கிளில் மணிக்கணக்கில் மிதிக்கிறார்கள்.

வெயிலுக்குக் குறைவில்லாத நம் ஊரில் இந்தக் கவலை இல்லை என்று தோன்றும். உண்மை வேறு. சென்னையில் பயிற்சி எடுப்பவர்கள் வார இறுதியில் இருட்டோடு கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புகிறார்கள். போக்குவரத்தை நினைத்தால் அது சரியான முடிவுதான். ஆனால் கோவாவில் 2019இல் தொடங்கிய பாதித் தூர அயர்ன்மேனில் (1.9, 90, 21.1 கிலோமீட்டர்) 21 கிலோமீட்டர் ஓட்டம் தொடங்கும்போது அமெச்சூர் வீரருக்கு உச்சி வெயில் நெருங்கியிருக்கும். இன்னொன்று, கூட்டமாக ஓட்டும் பழக்கம். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிந்தால் மிதிப்பது எளிது. அயர்ன்மேனில் அது குற்றம், தண்டனை உண்டு. பத்துப் பேரோடு 90 கிலோமீட்டர் பறந்தவர், தனியாக எதிர்காற்றில் அதே வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார். இளநீர் நம்பிக்கையும் அப்படித்தான். அதில் அதிகம் இருப்பது பொட்டாசியம். வியர்வையில் அதிகம் போவது சோடியம். வெறும் நீரையே லிட்டர் லிட்டராகக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

வேலைக்குப் போகிறவரால் முடியுமா என்றால், முடியும். மிலிந்த் சோமன் 2015இல், 49 வயதில், சூரிக் அயர்ன்மேனை 15 மணி 19 நிமிடத்தில் முடித்தார். முழுத் தூரத்துக்கு வாரம் 10 முதல் 15 மணி நேரம், ஏறக்குறைய ஆறு மாதம் தேவைப்படும். கடைசி இரண்டு மூன்று வாரம் பயிற்சியைக் குறைத்து உடம்பைத் தேற்ற வேண்டும். அந்தக் குறைக்கும் வாரத்தில்தான் பதற்றத்தில் கூடுதலாக ஓடிப் பலர் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கார்பன் சைக்கிளுக்கும் விலையுயர்ந்த காலணிக்கும் லட்சங்களைச் செலவிடுவதற்கு முன்னால், போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒரு மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொள்ளட்டும். அடுத்த ஞாயிறு நீண்ட சவாரிக்குக் கிளம்பும்போது, எந்த மணிக்கு எத்தனை கிராம் சாப்பிடப்போகிறோம் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி, சைக்கிள் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு, தனியாக ஓட்டிப் பார்க்கட்டும்.