மகளைக் கட்டிக்கொண்டு ராஜகிரி ஏறினேன்

விழுப்புரம் நேருஜி வீதியில் சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்திருக்கிறீர்களா? ஷேர் ஆட்டோ, டவுன் பஸ், தள்ளுவண்டி, நடுரோட்டில் நிதானமாக நிற்கும் மாடு, இத்தனையையும் தாண்டினால்தான் ஒரு முழம் மல்லி வாங்க முடியும். அந்தத் தெருவில் கைக்குழந்தையான மகளோடு நான் தனியாகப் போகிறேன், தனியாகத் திரும்புகிறேன். ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கை பர்ஸைத் திறக்க. மகள் என் மார்பில் கன்னத்தைச் சாய்த்து ஆரன் சத்தத்திலும் தூங்கிக்கொண்டிருக்கிறாள். "இன்னாம்மா, புள்ளைய இப்படிக் கட்டிகினு வந்துட்ட, சூப்பரா கீது!" என்று பூக்காரம்மா கூடுதலாக ஒரு கண்ணி பூ விட்டு அளக்கிறார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இதற்கெல்லாம் காரணம் ரிங் ஸ்லிங். சுமார் இரண்டு மீட்டர் பருத்தித் துணி, அதன் ஒரு நுனியில் இரண்டு வளையங்கள். மறு நுனியை வளையத்தில் விட்டு இழுத்தால் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு பை மாதிரி விழுகிறது. அதில் பிள்ளையை உட்கார வைத்து இறுக்கினால் முடிந்தது. நம் ஊர் நடைபாதையில் குழந்தைத் தள்ளுவண்டி உருட்ட முடியுமா? விழுப்புரம் ஜங்ஷனில் அதைத் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படி ஏற முடியுமா? இந்தத் துணி கைப்பையில் மடித்து வைக்கிற அளவுதான். அதை வைத்துக்கொண்டு நான் ரேஷன் கடைக்குப் போகிறேன், பேங்குக்குப் போகிறேன், மயிலம் முருகன் கோயில் படி ஏறுகிறேன், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில்கூட ஓர் ஓரமாக நின்று அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு சுருங்கிப்போயிருந்த என் ஊர் எனக்குத் திரும்பக் கிடைத்தது!

வீட்டில் அத்தை முதலில் சொன்னது, "கைச்சூடு பழகிடும், அப்புறம் கீழயே விட மாட்டா." இதை எல்லா வீட்டிலும் சொல்வார்கள், அக்கறையில்தான் சொல்வார்கள். ஆனால் மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளைக்குக் கைச்சூடுதானே வேண்டும்? 1986இல் கனடாவில் ஹன்சிகர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் 99 தாய்-சேய் ஜோடிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அழாத நேரத்திலும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. சாயங்கால அழுகை பாதியாகக் குறைந்தது. ஜப்பானில் குமி குரோடாவின் குழு 2013இல் இன்னொன்றைக் காட்டியது: தாய் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்ததுமே பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, உடம்பு தளர்கிறது. 2022இல் அதே குழு சொன்ன வழியை நான் வேதவாக்காக வைத்திருக்கிறேன். அழும் பிள்ளையை ஐந்து நிமிடம் நடந்து தூங்க வை. தூங்கியதும் உடனே படுக்கையில் போடாதே, ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திரு, பிறகு கிடத்து. என்ன அருமையான வழி! கிழக்குப் பாண்டி ரோட்டுச் சத்தத்துக்கு நடுவே எங்கள் வீட்டில் மதியத் தூக்கம் நடப்பது இதனால்தான். இப்போது அத்தையே, "கட்டிகினு ரெண்டு நடை நட, தூங்கிடுவா" என்கிறார்.

எனக்கு உண்மையாகவே சொல்ல வேண்டியது துணியைப் பற்றியதைவிட, அதைக் கட்டச் சொல்லிக் கொடுத்த பெண்களைப் பற்றியது. ஸ்லிங் வாங்கிய எத்தனையோ பேர் வீட்டில் அது பீரோவில் கிடக்கிறது. வீடியோவில் பார்த்தால் பத்து நொடி வேலை. கண்ணாடி முன்னால் பிள்ளையோடு நின்றால் வளையத்தில் துணி சிக்குகிறது, தோள் வலிக்கிறது, பிள்ளை வீறிடுகிறது. பக்கத்தில் ஒருத்தி நின்று "இந்த ஓரத்த மட்டும் இழு, மொத்தத் துணியையும் இழுக்காத" என்று விரலைப் பிடித்துக் காட்டினால்தான் அது கைக்கு வரும். அந்த ஒருத்தி எனக்குத் திண்டிவனத்தில் கிடைத்தாள்.

பிள்ளை கட்டப் பழகும் எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது, சந்தா கிடையாது. ஒரு ஞாயிறு திண்டிவனத்தில் ஓர் அக்கா வீட்டு ஹாலில் கூடுவோம், அடுத்த முறை விழுப்புரத்தில் ஒரு மொட்டைமாடி ஷெட்டில். இரண்டு ஊருக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று போகும் ரயிலில் ஏறினால் பிள்ளைகள் வழியிலேயே தூங்கிவிடும். பள்ளிக்கூட டீச்சர் வருகிறார், மளிகைக் கடை வைத்திருப்பவர் வருகிறார், கரும்பு வெட்டு முடிந்து கிராமத்திலிருந்து ஒரு தங்கச்சி மாமியாரோடு வருகிறாள். பாயை விரிக்க வேண்டியது, காபி போட வேண்டியது, அப்புறம் நடுவில் அந்தப் பெரிய கட்டைப்பையைக் கவிழ்க்க வேண்டியது!

அந்தப் பைதான் எங்கள் சொத்து. ரிங் ஸ்லிங், உடம்பில் சுற்றிக் கட்டும் நீளமான ராப், பக்கிள் வைத்த கேரியர், நாலு மூலையிலும் நாடா வைத்த சீனத்து மெய் தாய் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொருவரும் பிள்ளை வளர்ந்ததும் தன்னுடையதைப் பையில் போட்டுவிட்டுப் போகிறார்கள், வேண்டியவர்கள் ஒரு மாதம் எடுத்துப்போய்ப் பார்க்கிறார்கள். நல்ல கேரியர் விலை அதிகம். வாங்கிய பிறகு தோளுக்கு ஒத்துவரவில்லை என்றால் யார் தாங்குவார்கள்? எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்கிற இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு ஊரிலும் யாராவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசையோ ஆசை. முதல் தடவை வருகிறவர் கையில் பிள்ளையைக் கொடுக்க மாட்டோம். துணிப்பையில் நாலு கிலோ அரிசி கட்டி வைத்திருக்கிறோம், அதைத்தான் முதலில் கட்டிப் பார்க்க வேண்டும். அரிசிப் பாப்பா சரியாமல் உட்கார்ந்தால்தான் சொந்தப் பாப்பாவுக்கு முறை வரும்.

சேலையிலேயே கட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஐந்தரை மீட்டர் காட்டன் சேலையை நெடுக்காக மடித்தால் நல்ல ராப் ஆகும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இழை விடாமல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சிந்தடிக் சேலை வேண்டாம், முடிச்சு வழுக்கும், சித்திரை வெயிலில் பிள்ளை வெந்துவிடும். பட்டுக்குப் பேர்போன சிறுவந்தாடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தறிக்காரர்கள் ஒரு நாள் கெட்டிப் பருத்தியில் பிள்ளை கட்டுகிற துணி நெய்து தர மாட்டார்களா என்று நான் கனவு காண்கிறேன். சென்னையிலிருந்து சோல் ஸ்லிங்ஸ் இந்தியத் துணியில் கேரியர் தைத்துக் கொடுக்கிறதே, விழுப்புரத்துக்கு மட்டும் என்ன குறைச்சல்?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மணிமாலை விற்றுக்கொண்டிருந்த ஒரு நரிக்குறவர் அக்காவை நான் மறக்கவே மாட்டேன். தங்களுக்குள் வாக்ரிபோலி பேசுகிற அந்தக் குடும்பத்தில் அன்றைக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் துணியில். அவர் தோளில் ஒரே ஒரு முடிச்சு. அதில் பிள்ளை இடுப்போடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. ஸ்டாண்டைச் சுற்றி நடந்து பஸ் ஏறி இறங்கி வியாபாரம் நடக்கிறது. என்னுடையதைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "வளையம் எதுக்கு சாமி? இன்னும் மேல தூக்கிக் கட்டு, மூஞ்சி ஒன் மூஞ்சி கிட்ட வரணும்" என்றார். கட்டிக் காட்டினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு என் தோள்வலி போனது! தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையை விடாமல் வைத்திருப்பவர்களைக் கடந்து போய்விட்டு இதை வெளிநாட்டு நாகரிகம் என்று நாம் நினைக்கிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

வெளிநாட்டுக்கே இது வெளியிலிருந்துதான் போனது. அமெரிக்க நர்ஸ் ஆன் மூர் 1960களில் ஆப்பிரிக்காவின் டோகோவில் பெண்கள் பிள்ளையை முதுகில் கட்டுவதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்த்தான் ஸ்னக்லி கேரியரைச் செய்தார். 1969இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஜெர்மனியில் எரிகா ஹோஃப்மன் என்ற அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நீளத் துணியில் கட்டிக்கொண்டு வெளியே போனார், பார்த்தவர்களெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள், 1972இல் டிடிமோஸ் கம்பெனி பிறந்தது. நம் நாட்டிலேயே மிசோரம் பெண்கள் நெய்த புவான் துணியில் பிள்ளையை முதுகில் கட்டுகிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கச்சிக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது, ஒன்றரைக் கிலோ சொச்சம். அரசு மருத்துவமனையில் நர்ஸ் அக்கா பிள்ளையை டயப்பர், தொப்பியோடு வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்து, மேலே துணி சுற்றிவிட்டார். அதுதான் கங்காரு பராமரிப்பு. 1978இல் கொலம்பியாவின் பொகோடாவில் இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் ஆரம்பித்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையையும் சேர்த்து ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகளைப் பிறந்ததுமே இப்படி மார்பில் வைத்தபோது, முதல் 28 நாளில் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. கிட்டத்தட்ட நான்கு இறப்பில் ஒன்று தவிர்ந்தது! 2022இல் உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது. அந்தத் தங்கச்சியின் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாராம். இப்போது அந்தப் பையன் எங்கள் பாயில் எல்லோருடைய காபி டம்ளரையும் கவிழ்க்கிறான். ஒவ்வொரு முறையும் எனக்குக் கண் நிறைகிறது.

இவ்வளவு கொண்டாடும் நாங்கள் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம், அது மூச்சு. 2010இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங் பற்றி எச்சரிக்கை விட்டது, இருபது ஆண்டுகளில் குறைந்தது 14 பிள்ளைகள் இறந்திருந்தார்கள். நாலு மாதம் நிரம்பாத, எடை குறைந்த, சளி பிடித்த பிள்ளைகளிடம் மிகுந்த கவனம் வேண்டும். முகம் எப்போதும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் மடங்கக் கூடாது, நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். முழங்கால் இரண்டும் பின்பக்கத்தைவிட உயர்ந்து தவளைக்கால் மாதிரி இருந்தால் இடுப்பு மூட்டுக்கும் நல்லது. கழுத்து நின்று உட்காரப் பழகிய பிறகுதான் முதுகில் கட்டலாம். அடுப்பு பக்கம் போகக் கூடாது. கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறவே கூடாது, எவ்வளவு பக்கமாக இருந்தாலும்! இதை ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் சொல்கிறோம், பழைய ஆட்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அப்பாக்கள் வந்ததுதான் சமீபத்திய ஆனந்தம். முதலில் வாசலில் நின்று போன் பார்ப்பார்கள். "அண்ணா, உங்க தோள் அகலம், உங்களுக்குத்தான் பக்கிள் கேரியர் எடுப்பா இருக்கும்" என்று திண்டிவனத்து அக்கா கூப்பிட்டுக் கட்டிவிட்டால் அவ்வளவுதான், திரும்பக் கழற்ற மாட்டார்கள். என் வீட்டுக்காரர் மகளைக் கட்டிக்கொண்டுதான் இப்போது சலூனுக்கே போகிறார்.

செஞ்சியைச் சொல்லாமல் எப்படி விடுவேன்? மார்கழியில் ஒரு நாள், வெயில் ஏறுமுன், எங்கள் கூட்டத்தில் நாலு குடும்பம் திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்துப் போனோம். 2025 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் பதினொரு கோட்டைகளோடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நம் கோட்டை! மகளுக்கு அப்போது ஒன்பது மாதம், முதுகில் கட்டியிருந்தேன். கோட்டையின் ராஜகிரிக் குன்று கிட்டத்தட்ட 800 அடி உயரம். கல்யாண மஹாலைத் தாண்டிப் படி ஆரம்பித்ததும் அவள் என் தோள் மேலாக எட்டிப் பார்த்து ஒவ்வொரு குரங்கையும் கூப்பிட்டாள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறைப் பிளவின் மேல் இருக்கும் பாலத்தில் நான் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு கையாலும்! இடுப்பில் தூக்கியிருந்தால் பாதி மலையில் திரும்பியிருப்பேன். மேலே ரங்கநாதர் கோயில் பக்கம் நின்று கோட்டையின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரியைப் பார்த்தபோது நாலு அம்மாக்களும் கூச்சல் போட்டோம், பிள்ளைகளும் சேர்ந்து கத்தின.

அடுத்த ஞாயிறு விழுப்புரம் மொட்டைமாடி முறை. பிள்ளை பால் குடித்து முடித்த நேரமாகப் பார்த்து வாருங்கள், பசியோடு இருக்கும் பிள்ளையைக் கட்டிப் பழக முடியாது. பீரோவில் ஏதாவது கேரியர் கிடந்தால் எடுத்து வாருங்கள், இல்லையென்றால் நல்ல காட்டன் சேலை ஒன்று போதும். மாமியாரையும் கூட்டி வாருங்கள், அரிசிப் பாப்பாவை அவர்தான் முதலில் கட்டப்போகிறார்.