சிகரம் தொடாத மலையேற்றம்: ‘பிளைண்ட்சைட்’ ஆவணப்படம்

பார்வையற்ற மலையேறியைப் பற்றி எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். ஊனம் ஒரு தடையல்ல, தன்னம்பிக்கை இருந்தால் எவரெஸ்டையும் தொடலாம், நடுவில் ஒரு குறள், பிறகு முடிவுரை. தகவலில் தப்பு இல்லை. எரிக் வைஹன்மேயர் என்ற அமெரிக்கர் 2001 மே 25-இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். பார்வையற்றவர்களில் அவரே முதல்வர். 2025 மே மாதத்தில் இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த சோன்சின் ஆங்மோவும் ஏறினார். ஆனால், “எப்படி ஏறினார்?” என்று கேட்டுப் பாருங்கள். “மன உறுதியால, டீச்சர்” என்று பதில் வரும். அது எல்லா மலையேறிகளுக்கும் வேண்டியதுதானே!

எரிக்குக்கு முன்னால் நடப்பவர் ஒரு மணியை ஒலித்துக்கொண்டே போவார். அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைக்கோல்களால் தரையைத் தடவித் தடவி இவர் அடி வைப்பார். கும்பு பனியருவியில் பிளவுகளுக்குக் குறுக்கே அலுமினிய ஏணிகள் கிடக்கும். காலணியின் முள் எந்தப் படியில் பொருந்துகிறது என்று காலாலேயே கண்டுபிடிக்க வேண்டும். முதல் தடவை அந்தப் பகுதியைக் கடக்க அவருக்கு 13 மணி நேரம் ஆனது. கட்டுரையில் இந்த 13 மணி நேரம் வந்துவிட்டால் ‘தன்னம்பிக்கை’ என்ற சொல்லே தேவைப்படாது.

இதை மாணவர்களுக்குப் புரிய வைக்க நான் பரிந்துரைப்பது எவரெஸ்ட் வெற்றிக் கதையை அல்ல. லூசி வாக்கர் 2006-இல் இயக்கிய ‘பிளைண்ட்சைட்’ ஆவணப்படத்தைப் பாருங்கள். திபெத்தின் லாசா நகரில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர் சப்ரியே டென்பெர்க்கன். இவரும் பார்வையற்றவர், ஜெர்மானியர், திபெத்திய மொழிக்குப் பிரெய்ல் எழுத்துமுறை அமைத்தவர். எரிக்கின் வெற்றியை அறிந்து அவருக்குக் கடிதம் எழுதினார். எரிக் வந்தார். 2004-இல் ஆறு பிள்ளைகளை, எவரெஸ்டுக்குப் பக்கத்திலுள்ள 7,045 மீட்டர் உயர லாக்பா ரி மலைக்கு அழைத்துப் போனார்கள்.

உச்சியை யாரும் தொடவில்லை. உயரத்தால் சில பிள்ளைகளுக்குத் தலைவலியும் சோர்வும் வந்தன. ஏறக்குறைய 6,400 மீட்டரோடு திரும்பிவிட்டார்கள். ஆனால் படத்தின் உயிர் அதற்கு முன்னால் கூடாரத்தில் நடக்கும் வாக்குவாதத்தில் இருக்கிறது. முடிந்தவர்களையாவது மேலே கொண்டுபோனால் அந்த வெற்றி அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் துணை நிற்கும் என்பது மலையேறிகளின் எண்ணம். சேர்ந்து வந்தவர்களை ஏன் பிரிக்க வேண்டும், உச்சி யாருடைய ஆசை என்று கேட்கிறார் சப்ரியே. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லீங்களா? இயக்குநர் யாரையும் வில்லனாக்கவில்லை. வாதக் கட்டுரை எழுதும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

எனக்கு ஒரு குறை உண்டு. இவ்வளவு பேசும் பெரியவர்கள் பிள்ளைகளிடம் “உனக்கு மேலே போகணுமா?” என்று கேட்பதைப் போதுமான அளவு நாம் பார்ப்பதில்லை. இது படத்தின் குறையா, பயணத்தின் குறையா என்பதையே வகுப்பில் விவாதிக்கலாம். பனிமலைக் காட்சிகளும் சற்று அதிகம். அவ்வளவு அழகையும் பார்ப்பவர்கள் நாம்தான், ஏறுகிறவர்கள் அல்ல. இயக்குநர் இதை யோசித்தாரா என்று சில இடங்களில் சந்தேகம் வருகிறது.

மலையைவிட்டு இறங்கும் பகுதிகளே ஆழமானவை. தெருவில் போகிறவர்கள் பிள்ளைகளைத் திட்டுகிறார்கள். பார்வை போனது முற்பிறவிப் பாவம் என்பது அங்குள்ள பலரின் நம்பிக்கை. (முன்வினை என்ற பேச்சு நம் வீடுகளிலும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.) தாஷி என்ற பையன் சிறு வயதில் குடும்பத்தைப் பிரிந்து தெருவில் பிச்சை எடுத்தவன். அவன் சீனாவின் சிச்சுவானுக்குப் போய்த் தன் தந்தையைத் தேடுகிறான். அந்தப் படிகளை ஏறுவது 7,000 மீட்டரைவிடக் கடினம் என்று தோன்றுகிறது. இக்காட்சி சில மாணவர்களைப் பாதிக்கலாம். ஆசிரியர்கள் முதலில் தனியே பார்த்துவிட்டுப் போட்டுக் காட்டுங்கள். படம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு நாளில் பிரித்துப் பார்க்கலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஜொகூரின் குனோங் லேடாங் 1,276 மீட்டர்தான். ஆனால் கயிறும் ஏணியும் பிடித்து ஏறும் பாறைகள் அங்கும் உண்டு. பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பிரின்சஸ் எலிசபெத் பள்ளி ஜொகூர் பாருவிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் மலையேற்றப் பட்டியல் போடும்போது பார்வைக் குறையுள்ள மாணவரை, “பாதுகாப்புக்காக” என்று சொல்லி, அவரைக் கேட்காமலேயே விட்டுவிடுவதை நான் கண்டிருக்கிறேன். வேண்டாம் என்று அவரே சொன்னால் அது வேறு.

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பாருங்கள். நண்பர் ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு, பள்ளி வாசலிலிருந்து சிற்றுண்டிச்சாலை வரை வாய்மொழியாலேயே அழைத்துப் போகட்டும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஓர் ஆசிரியர் கூடவே நடக்க வேண்டும். “இங்கே”, “அங்கே”, “பார்த்து” என்ற சொற்களுக்குத் தடை. “மூணு படி இறங்கணும், கைப்பிடி இடப்பக்கம், கடைசிப் படி கொஞ்சம் உயரம்” என்று சொல்லப் பழகட்டும். பிறகு அதே வழியை ஒரு பக்க வருணனையாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாங்கிக்கொண்டு, அதை மட்டும் வைத்து இன்னொரு மாணவரை நடக்க வையுங்கள். எந்த வாக்கியத்தில் அவர் தடுமாறுகிறாரோ, சிவப்பு மையை அங்கே வையுங்கள்.